சர்வர் படுத்துவிட்டது, யாரை எழுப்புவது?

விடிகாலை 5:30. பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகம். நைட் ஷிஃப்ட் முடிய இன்னும் அரை மணி நேரம். கணினிக் கோளாறு என்று வரும் போன்களை எடுக்கும் சர்வீஸ் டெஸ்க்கில் நான் சேர்ந்து மூன்றாவது வாரம். நாங்கள் கவனித்துக்கொண்டிருந்தது ஒரு மருந்துக்கடைத் தொடரின் கணினிகளை. 24 மணி நேரக் கடை ஒன்றிலிருந்து முதல் போன்: "பில் போட முடியல." அடுத்த போன் வேறு ஊரிலிருந்து: "ஸ்டாக் பார்க்க முடியல." மூன்றாவது: "டாக்டர் சீட்டு அப்லோட் ஆகல."

மூன்றுக்கும் மூன்று டிக்கெட் (கோளாறைப் பதியும் குறிப்பு) போட்டு மூன்று டீமுக்கு அனுப்பினேன். கடமை முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன். மூன்று டீமும் பார்த்துவிட்டு, "எங்க பக்கம் எல்லாம் நல்லா இருக்கு" என்று எழுதி நெட்வொர்க் டீமுக்குத் தள்ளின. நெட்வொர்க் டீம் அதே வாக்கியத்தை எழுதித் திருப்பித் தள்ளியது. 9 மணிக்கு மற்ற கடைகளும் திறந்து, வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்த பிறகுதான் மேலாளர்கள் உள்ளே வந்தார்கள். கடைசியில் பார்த்தால், காலாவதியான ஒரு சர்ட்டிஃபிகேட், அதாவது சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் டிஜிட்டல் சான்று. புதியதைப் போட 20 நிமிடம் ஆனது. அதைப் போடத் தெரிந்த ஆளிடம் செய்தி போய்ச் சேர நாலரை மணி நேரம் ஆகியிருந்தது.

சர்வீஸ் டெஸ்க்கிலோ மானிட்டரிங் டீமிலோ புதிதாகச் சேருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். கோளாறைச் சரிசெய்வது பெரும்பாலும் நம் கையில் இல்லை. அந்த நாலரை மணி நேரம் நம் கையில் இருக்கிறது.

முதல் வாரமே ஒரு நோட்டு

எந்த ஆப் யாருடையது என்று நிறுவனத்தின் ஆவணங்களில் இருக்கும். அதை நம்பலாம், ஆனால் முழுசாக நம்ப வேண்டாம். ஆள் மாறியிருப்பார், டீம் பெயர் மாறியிருக்கும், பட்டியல் மட்டும் மாறாமல் இருக்கும். ஆகவே உங்களுக்கென்று ஒரு நோட்டு போடுங்கள். ஓர் ஆப்புக்கு ஒரு பக்கம்.

பக்கத்தின் தலையில் ஆப்பின் பெயர். அதற்குக் கீழே, பயனர்கள் அதை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் "அந்தப் பச்சை ஸ்கிரீன் வரல" என்பார். ஆவணத்தில் பச்சை ஸ்கிரீன் என்று ஒன்று இருக்காது. அப்புறம் அந்த ஆப் எந்த டேட்டாபேஸை, எந்த லாகினை நம்பி ஓடுகிறது. எந்த டீம் பார்த்துக்கொள்கிறது. டிக்கெட்டில் அந்த டீமின் பெயர் எப்படி இருக்கும். இந்த வாரம் ஆன்-கால் (எந்நேரமும் போனில் எழுப்பக்கூடிய ஆள்) யார், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார். வெளி வெண்டர் என்றால் அவர்களுடைய சப்போர்ட் எண்ணோடு நம் ஒப்பந்த எண்ணையும் குறித்துவைக்க வேண்டும். இரவு 2 மணிக்கு வெண்டரைக் கூப்பிட்டால் எதிர்முனையில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். அது இல்லாமல் பேச்சு நகராது.

இதில் முக்கியமானவற்றைக் காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய 6 மணி நேரம் படுத்தன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. பழுது பார்க்கப் பயன்படும் உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தன, அவையும் போயின. பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போக வேண்டியிருந்தது. பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தாண்டி உள்ளே நுழையவே நேரம் பிடித்தது. உங்கள் ஆன்-கால் பட்டியல் ஷேர்பாயிண்ட் என்ற இணையக் கோப்புத் தளத்தில் மட்டும் இருந்து, அன்றைக்கு லாகினே போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

போன் வந்ததும்

"வேலை செய்யல" என்பது புகார். அதைத் தகவலாக மாற்றுவது நம் வேலை. நான் கேட்கும் வரிசை இது: எந்த ஸ்கிரீனில் நிற்கிறீர்கள்? திரையில் வந்த வாசகத்தை அப்படியே படியுங்கள். எத்தனை மணியிலிருந்து? உங்களுக்கு மட்டுமா, பக்கத்து சீட்டுக்கும் அப்படித்தானா? வேறு கிளையில் யாரிடமாவது பேசினீர்களா? கடைசியாக எப்போது சரியாக வேலை செய்தது?

பிழை வாசகத்தைப் பயனர் தன் சொற்களில் சொல்ல விடாதீர்கள். "ஏதோ எரர்" என்பதற்கும் "டைம்-அவுட்" (காத்திருந்தும் பதில் வரவில்லை) என்பதற்கும் நடுவே ஒரு டீம் மாறுகிறது. ஸ்கிரீன்ஷாட் கேட்டால் முழுத் திரையையும் கேளுங்கள். மேலே முகவரியும் கீழே கடிகாரமும் தெரிய வேண்டும். நோயாளியின் பெயரோ வங்கிக் கணக்கு எண்ணோ அதில் இருந்தால் மறைத்துவிட்டு ஏற்றுங்கள்.

"நீங்க ஏதாவது மாத்தினீங்களா?" என்று மட்டும் பயனரிடம் கேட்காதீர்கள். உலகத்தில் யாரும் ஆமாம் என்று சொன்னதில்லை. முந்தைய இரவு என்னென்ன மாற்றங்கள் செய்யப்பட்டன என்ற பட்டியல் நம்மிடமே இருக்கும். அதைத் திறந்து பாருங்கள்.

எவ்வளவு பெரிய கோளாறு?

பி1, பி2, பி3, பி4 என்று முன்னுரிமை வைக்கும் முறை பெரும்பாலான நிறுவனங்களில் உண்டு, பி1தான் மிக அவசரம். ஐடிஐஎல் என்ற ஐடி சேவை மேலாண்மை நெறிமுறைப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள்: பாதிப்பு எவ்வளவு, அவசரம் எவ்வளவு, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முன்னுரிமை. அட்டவணையைப் பார்த்து யாரும் போட்டுவிடலாம். அட்டவணையில் இல்லாதது நாட்காட்டி. சம்பள மென்பொருள் மாதம் 10ஆம் தேதி படுத்தால் பி3. அதே கோளாறு 29ஆம் தேதி வந்தால் பி1. தீபாவளிக்கு முந்தைய நாள் துணிக்கடையில் ஒரே ஒரு பில்லிங் கவுண்டர் நின்றாலும் சாதாரண விஷயமில்லை. மாறாக, இயக்குநரின் லேப்டாப்பில் பிரிண்டர் வரவில்லை என்றால் அது பி1 ஆகாது. அவர் குரல் எவ்வளவு உயர்ந்தாலும் ஆகாது. மரியாதையாகப் பேசுங்கள், ஓர் ஆளை உடனே அவர் அறைக்கு அனுப்புங்கள். எண்ணை மாற்றாதீர்கள்.

புதியவர்களுக்கு பி1 போடக் கை நடுங்கும். தவறாகப் போட்டுவிட்டால் திட்டுவார்களே என்று பி3 போட்டு, ஒரு மணி நேரம் கழித்து உயர்த்துவார்கள். என் கருத்து: சந்தேகம் இருந்தால் உயர்த்திப் போட்டுவிட்டு, தெளிந்ததும் இறக்குங்கள். இறக்கியதற்காக ஒரு வாக்குவாதம் வரும், அவ்வளவுதான். தினமும் புலி வருது என்று கத்தினால் ஒருநாள் யாரும் வர மாட்டார்கள், அதுவும் உண்மை. ஆனால் புதியவர்கள் கத்துவதைவிட வாய் மூடி இருப்பதால்தான் அதிகம் கெடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த டீம்?

நான் அன்று கோட்டைவிட்டது இங்கேதான்.

ஒரே ஒரு ஆளுக்குப் பிரச்சினை என்றால் அவருடைய கணினி, அவருடைய கணக்கு, அவருடைய அனுமதி. டெஸ்க்டாப் டீம் பார்க்கும். ஒரு கிளை முழுக்க என்றால் அந்தக் கிளையின் லைன், ரவுட்டர், சில சமயம் வெறும் மின்சாரம். எல்லாக் கிளைகளிலும் ஒரே ஆப் என்றால் அந்த ஆப்பின் டீம். எல்லாக் கிளைகளிலும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல ஆப்கள், ஒரே நேரத்தில் படுத்தால்? அப்போது அந்த ஆப்களின் டீம்களை எழுப்பிப் பயனில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக அடியில் என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். லாகின், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது), சர்ட்டிஃபிகேட், டேட்டாபேஸ், ஸ்டோரேஜ், ஃபயர்வால் (நெட்வொர்க்கின் காவல் வேலி): பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

பிரித்தறியச் சின்னச் சின்னச் சோதனைகள் உண்டு. ஐபி எண்ணைக் கொடுத்தால் பதில் வருகிறது, பெயரைக் கொடுத்தால் வரவில்லை என்றால் டிஎன்எஸ் பக்கம் பாருங்கள். அலுவலக வைஃபையில் திறக்காத தளம் மொபைல் டேட்டாவில் திறந்தால் கோளாறு நம் நெட்வொர்க்கில். பிரவுசர் "பாதுகாப்பற்றது" என்று எச்சரித்தால் சர்ட்டிஃபிகேட்டின் தேதியைத் திறந்து பாருங்கள், பத்து விநாடி வேலை.

நேரமும் ஒரு தடயம். இந்தியாவில் காலை 5:30 என்றால் யுடிசி என்ற உலகப் பொது நேரப்படி நள்ளிரவு 12. பல சர்ட்டிஃபிகேட்டுகள் அந்த நள்ளிரவோடுதான் காலாவதியாகும். சரியாக 5:30க்கு, பல ஆப்கள் ஒன்றாகப் படுத்தன என்று கேட்டால் இன்று நான் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் தேதியைத்தான் பார்ப்பேன். அன்று எனக்கு அது தெரியாது.

தன் சேவைகள் ஓடுகின்றனவா என்று கிளவுட் நிறுவனம் காட்டும் நிலைப் பக்கம் பச்சையாக இருக்கிறது, ஆகவே கோளாறு நம்முடையதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை வடக்கு வர்ஜீனியாவில் படுத்தது. ஒரு கட்டளையில் தவறாக உள்ளிட்டதால், எடுக்க நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் சேவையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. நிலைப் பக்கத்தை மாற்றும் கருவியே எஸ்3யை நம்பி ஓடியதால், தொடக்கத்தில் அந்தப் பக்கத்தில் நிலவரத்தை மாற்ற அவர்களால் முடியவில்லை. ட்விட்டரில் சொல்ல வேண்டியதாயிற்று.

இதற்கெல்லாம் ஒரு விலக்கு. கோப்புகளின் பெயர்கள் விநோதமாக மாறியிருக்கின்றன, பணம் கேட்டு ஒரு குறிப்பு திரையில் நிற்கிறது, அல்லது யாரோ கடவுச்சொல்லைக் கொடுத்து ஏமாந்துவிட்டார் என்றால் சாதாரண வரிசையில் டிக்கெட் போட்டுக் காத்திருக்காதீர்கள். பாதுகாப்பு டீமுக்கு நேரடியாகப் போன். கணினியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள், வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். ஃபார்மட் செய்யவோ எதையும் அழிக்கவோ வேண்டாம், தடயம் போய்விடும். இந்தியாவில் இத்தகைய சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28ஆம் தேதி உத்தரவு வந்தது. தெரிவிப்பது உங்கள் வேலை அல்ல, நிறுவனத்தின் வேலை. ஆனால் நீங்கள் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த 6 மணி நேரத்தில் கழிகிறது.

டிக்கெட்டில் எழுதுவது

டிக்கெட்டை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், இருந்தாலும் கருத்தைத் தமிழில் சொல்கிறேன். "பில்லிங் ஆப் வேலை செய்யவில்லை, அவசரம், உடனே பார்க்கவும்" என்ற தலைப்பில் புதுத் தகவல் எதுவும் இல்லை. "பில்லிங்: எல்லாக் கடைகளிலும் சேவ் செய்யும்போது டேட்டாபேஸ் டைம்-அவுட், இரவு 1:40 முதல், லாகின் சரியாக உள்ளது" என்று எழுதினால், படிப்பவர் செருப்பை மாட்டும்போதே எங்கே தேடுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

எது வேலை செய்கிறது என்பதையும் எழுதுங்கள். புதியவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். லாகின் ஆகிறது என்ற ஒரு சொல்லில் பாதி உலகம் சந்தேகத்திலிருந்து விடுபடுகிறது. நேரத்தோடு எந்த நாட்டு நேரம் என்பதும் இருக்கட்டும். லாக் (சர்வரின் பதிவேடு) பார்ப்பவர் வேறு நாட்டில் இருக்கலாம். உங்கள் ஊகத்தை எழுதலாம், தவறில்லை, ஆனால் ஊகம் என்று சொல்லி எழுதுங்கள்.

ஒரே கோளாறுக்கு நாற்பது பேர் கூப்பிட்டால் நாற்பது டிக்கெட்டையும் தனித்தனியாக டீமுக்குத் தள்ளாதீர்கள். ஒன்றைத் தாய் டிக்கெட்டாக வைத்து மற்றவற்றை அதனோடு கோத்துவிடுங்கள். எண்ணிக்கையே தகவல்தான்.

கையில் சேர்ப்பது

2012 ஆகஸ்ட் 1. அமெரிக்கப் பங்குச்சந்தையில் பெரிய தரகு நிறுவனம், நைட் கேப்பிடல். புது மென்பொருளை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது, ஒன்றில் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். அன்று காலை 8 மணியிலிருந்து, சந்தை திறக்கும் 9:30க்குள், அவர்களுடைய சிஸ்டமே 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியது. என்ன பிழை என்பதுகூட அவற்றில் இருந்தது. எச்சரிக்கையாகக் கருதும்படி அவை அமைக்கப்படவில்லை. வந்ததை வைத்து யாரும் எதுவும் செய்யவில்லை. சந்தை திறந்து 45 நிமிடத்தில் தாறுமாறாக வாங்கி விற்று, 46 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

அந்த 97 மின்னஞ்சல்களும் சரியான நிறுவனத்துக்கு, சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தவைதான். ஆகவே பி1, பி2 என்றால் டிக்கெட்டை டீமுக்கு மாற்றியவுடன் போனைக் கையில் எடுங்கள். 140 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் "யாராவது பாருங்க ப்ளீஸ்" என்று போட்டால், ஒவ்வொருவரும் மற்ற 139 பேர் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஓர் ஆள், ஒரு பெயர், "நான் எடுத்துக்கிறேன்" என்று ஒரு பதில். அந்தப் பதில் வரும்வரை டிக்கெட் உங்களுடையதுதான், திரையில் யார் பெயர் இருந்தாலும்.

தூங்குகிறவரை எழுப்பத் தயக்கமாக இருக்கும். ஆன்-கால் அலவன்ஸ் தருவதே அதற்குத்தான். "சாரி சார், தொந்தரவு பண்றேன், ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்தால் அவர் மறுபடி தூங்கிவிடுவார். இப்படிப் பேசிப் பாருங்கள் (ப்ரிட்ஜ் என்பது எல்லோரும் சேரும் கூட்டு அழைப்பு):

"வணக்கம் சார், சர்வீஸ் டெஸ்க்ல இருந்து பேசறேன். பில்லிங்ல பி1 ஓடிட்டிருக்கு. 1:40ல இருந்து எந்தக் கடையிலயும் பில் சேவ் ஆகல, டேட்டாபேஸ் டைம்-அவுட்னு வருது. லாகின் ஆகுது. ப்ரிட்ஜ் லிங்க் உங்களுக்கு மெசேஜ்ல அனுப்பிட்டேன். எத்தனை நிமிஷத்துல வர முடியும் சார்?"

கடைசியில் இருப்பது பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி. அதை விடாதீர்கள். அவர் "பத்து நிமிஷம்" என்றால் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். போனை எடுக்கவில்லையா? ஐந்து நிமிடம் விட்டு மறுபடி ஒருமுறை. அப்போதும் இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவர், அப்புறம் அவருடைய மேலாளர். உங்கள் நிறுவனத்தில் இதற்கு வேறு கால அளவு எழுதிவைத்திருந்தால் அதன்படி செய்யுங்கள். மேலாளரைக் கூப்பிட்டால் போட்டுக்கொடுத்ததாக நினைப்பார்களோ என்று பயப்படாதீர்கள். முயன்ற நேரங்களை டிக்கெட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தால் பேச்சே வராது.

டிக்கெட் பந்தாடப்பட்டால்

ஒருமுறை திரும்பி வருவது சகஜம். இரண்டாம் முறையும் திரும்பினால் எழுத்தில் வாதாடுவதை நிறுத்திவிட்டு ப்ரிட்ஜ் திறந்து, சம்பந்தப்பட்ட எல்லோரையும் ஒரே அழைப்பில் உட்கார வையுங்கள். "எங்க பக்கம் நல்லா இருக்கு" என்பவரிடம், "சரி சார், எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க, அந்த ஸ்கிரீனைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேளுங்கள். தன் திரையைப் பத்துப் பேருக்குக் காட்டும்போதுதான் பலர் அதை உண்மையாகவே பார்க்கிறார்கள்.

ப்ரிட்ஜில் வழிநடத்த ஒருவர் இருப்பார். புதியவருக்குப் பொருத்தமான இடம் குறிப்பெடுப்பவர் இடம். மணி, யார், என்ன செய்தார், என்ன ஆனது, நான்கே கட்டம். ஒரு மாதம் இப்படி எழுதினால் அந்த நிறுவனத்தின் முழு வரைபடமும் தலைக்குள் வந்துவிடும். போனை ஹோல்டில் போடாதீர்கள், ம்யூட் மட்டும் போடுங்கள். ஹோல்டில் போட்டால் உங்கள் ஹோல்ட் இசை முப்பது பேருக்குக் கேட்கும். நான் போட்டிருக்கிறேன்.

சரியான ஆள் யார் என்பது கோளாறு நகர நகர மாறும். 2024 ஜூலை 19 அன்று நம் நேரப்படி காலை 9:39க்கு க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் பழுதான ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 10:57க்கே புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினிகளில் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் எழுப்ப வேண்டியிருந்தது. பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு போட்ட கணினி என்றால் முதலில் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். 9:39க்குப் பாதுகாப்பு மென்பொருள் டீமைத் தேடியவர்கள், மதியத்துக்குள் அந்த எண்களின் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்று தேட வேண்டியதாயிற்று. உங்கள் நோட்டில் அதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

காத்திருப்பவர்களுக்கு, அப்புறம் அடுத்த ஷிஃப்டுக்கு

அரை மணிக்கு ஒருமுறை பயனர்களுக்கு நிலவரம் சொல்லுங்கள். சொல்ல ஒன்றும் இல்லையென்றாலும், "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த தகவல் 3:30க்கு" என்று சொல்லுங்கள். எப்போது சரியாகும் என்று நீங்களாக வாக்குக் கொடுக்க வேண்டாம்.

ஷிஃப்ட் முடியும் நேரம் ஆபத்தானது. கேப் கீழே நிற்கும், டிரைவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். "எல்லாம் டிக்கெட்டில் இருக்கு, படிச்சுக்கோங்க" என்று ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். அடுத்து உட்காருபவரிடம் வாயால் சொல்லி, அவர் திருப்பிச் சொல்வதைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அன்று 6 மணிக்கு நான் கேப் பிடித்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். மூன்று டிக்கெட்டும் ஒரே கோளாறாக இருக்கலாம் என்று எனக்கு லேசாகத் தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

சரியாகிவிட்டது என்று பொறியாளர் சொன்னதும் டிக்கெட்டை மூடாதீர்கள். முதலில் கூப்பிட்ட கடைக்குப் போன் போட்டு, ஒரு பில் போட்டுப் பார்க்கச் சொல்லி, ஆனது என்று அவர் வாயால் கேட்ட பிறகு மூடுங்கள். யார் சரிசெய்தார், எந்த டீம் என்பதை நோட்டில் அந்த ஆப்பின் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

என் நோட்டின் முதல் பதிவு அந்தச் சர்ட்டிஃபிகேட்தான். புதுப்பிக்கச் சொல்லி 90, 60, 30 நாட்களுக்கு முன்பே நினைவூட்டல்கள் வந்திருந்தன என்று பின்னால் தெரிந்தது. அவை போன முகவரி, வேலையை விட்டுப் போய் எட்டு மாதமான ஒருவருடையது. அதன் பிறகு அந்த நினைவூட்டலை, ஒவ்வொரு ஆண்டும் வேலையில் இருக்கும் ஓர் ஆளின் பெயருக்கு டிக்கெட்டாக வரும்படி மாற்றினோம். அடுத்த ஆண்டு அது என் பெயருக்கு வந்தது.